கல்லீரல் மாற்று அறுவையும் கொலஸ்ட்ராலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர்களும், மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்களும், அவர்கள் வீட்டாரும் கொலஸ்ட்ரால் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளின் கணக்கு வேறு. இங்கே படித்ததை வைத்து எந்த மாத்திரையையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஏன் என்பது 8-ஆம் கேள்விக்கு வரும்போது புரியும்.

1. கொலஸ்ட்ரால் ஹார்ட் விஷயம்தானே? லிவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அடைப்பு விழுவது இதயக் குழாயில் என்றாலும், கொலஸ்ட்ராலின் வரவு செலவுக் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொள்வது கல்லீரல். உடல் தானே தயாரிக்கும் கொலஸ்ட்ராலில் கணிசமான பங்கு அங்கே உருவாகிறது. அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புவதும் கல்லீரல்தான். சுற்றி வந்த எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. மிச்சக் கொலஸ்ட்ராலைப் பித்தமாக மாற்றிக் குடலுக்குத் தள்ளுவதும் அதன் வேலையே. ஆகவே ஈரல் கெட்டாலும் அளவு மாறும், புது ஈரல் வந்தாலும் மாறும்.

2. அப்பாவுக்கு சிர்ரோசிஸ். ஆனா கொலஸ்ட்ரால் 92தான். அந்த வகையில நல்லதுதானே?

இல்லை. நல்ல உடம்பில் 92 என்றால் சந்தோஷப்படலாம். சிர்ரோசிஸில், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கிய நிலையில், அந்த எண்ணுக்கு அர்த்தம், தயாரிக்கும் இடமே ஓய்ந்துகொண்டிருக்கிறது என்பது. ஆல்புமின் குறைவதும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறுவதும் எதைச் சொல்கின்றனவோ அதையே இதுவும் சொல்கிறது. எல்டிஎல்லோடு சேர்ந்து ‘நல்ல’ கொலஸ்ட்ராலான எச்டிஎல்லும் இறங்கும். காத்திருப்போர் வரிசையை முடிவு செய்யும் மெல்ட் மதிப்பெண்ணில் கொலஸ்ட்ரால் கிடையாது. அதில் பிலிருபின், கிரியாட்டினின், ஐஎன்ஆர், சோடியம் ஆகியவை கணக்கு, புதிய வடிவில் ஆல்புமினும் பாலினமும் சேரும். ஆனாலும் கொலஸ்ட்ரால் சரிந்துகொண்டே போவதை மருத்துவர்கள் கவனிப்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நெய்யும் முட்டை மஞ்சளும் கொடுத்து எண்ணை ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் பயனில்லை, குறைந்திருப்பது சரக்கில்லை, தயாரிக்கும் திறன். இந்தக் கட்டத்தில் முக்கியம் புரதம்: நீர்க்கோவையைக் கழித்த எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம். இரவு படுக்கும் முன் கஞ்சியோ பாலும் ரொட்டியுமோ ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். இரவு முழுக்க வயிறு காய்ந்தால் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும்.

3. எங்க அம்மாவுக்கும் சிர்ரோசிஸ்தான். ஆனா கொலஸ்ட்ரால் 380 காட்டுது. ஒருத்தருக்கு கம்மி, ஒருத்தருக்கு அதிகமா?

பித்தநாளம் பழுதாகும் நோய்களில் இப்படி வரும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் முதன்மைப் பித்தநாள அழற்சி நல்ல உதாரணம். பித்தம் வெளியேற வழியில்லாமல் கொலஸ்ட்ரால் ரத்தத்துக்கே திரும்பி, லிப்போபுரோட்டீன்-எக்ஸ் என்ற வேறு மாதிரித் துகளாக ஓடும். சாதாரணப் பரிசோதனை அதையும் எல்டிஎல் என்றே எண்ணிவிடும். கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் படிவுகள் தெரிவதும் இதனால்தான்.

இந்த 380-ம், சர்க்கரை நோயாளி ஒருவரின் 380-ம் ஒன்றல்ல. இதயத்துக்கான ஆபத்து அதே அளவில் ஏறுவதாகத் தெரியவில்லை. மாற்று அறுவைக்குப் பிறகு பித்தம் ஓடத் தொடங்கியதும் இது இறங்கிவிடும். பிறகு மறுபடி ஏறினால் அதன் காரணம் வேறு, 6-ம் 7-ம் பார்க்கவும்.

4. கொலஸ்ட்ரால்தான் கம்மியா இருக்கே, ஆபரேஷனுக்கு முன்னாடி ஹார்ட்டுக்கு ஏன் இத்தனை டெஸ்ட்?

இன்றைய 92, பத்து வருடத்துக்கு முன்பு என்ன இருந்தது என்று சொல்லாது. அன்று 230 இருந்து, சர்க்கரையும் இருந்து, குழாயில் படிந்த படிவு அங்கேயேதான் இருக்கும். ஈரல் நலிந்ததால் எண் இறங்கிவிட்டது, படிவு கரைந்துவிடவில்லை. கொழுப்பு ஈரலால் சிர்ரோசிஸ் ஆனவர்களிடம் இது மிகச் சாதாரணம்.

அறுவையில் இதயம் தாங்க வேண்டிய நிமிடம் ஒன்று உண்டு. புது ஈரலைத் தைத்து இடுக்கியை எடுத்ததும், குளிர்ந்த, பொட்டாசியம் மிகுந்த ரத்தம் ஒரே வேகத்தில் இதயத்துக்கு வரும். ரத்த அழுத்தம் சட்டென விழும், துடிப்பு தடுமாறும். அதைத் தாங்குமா என்று பார்க்கத்தான் எக்கோ, டோபுட்டமின் ஊசி போட்டு எடுக்கும் எக்கோ, தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ அல்லது குழாய்விட்டு எடுக்கும் ஆஞ்சியோ. அடைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் மாதக்கணக்கில் வேண்டும். தட்டணுக்கள் குறைந்து, உணவுக்குழாயில் புடைத்த நாளங்களோடு இருப்பவருக்கு அது கத்தி மேல் நடப்பது போல. அதனால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

5. சிர்ரோசிஸ் இருக்கும்போதே ஸ்டாட்டின் சாப்பிடலாமா? லிவரைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே.

ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை வகை. சாப்பிடலாமா என்பது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிர்ரோசிஸின் தீவிரத்தைச் சைல்டு ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள், சி தான் மிக முற்றியது. வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, குழப்பம் எதுவும் இல்லாத சைல்டு ஏ கட்டத்தில், இதயத்துக்காக ஏற்கெனவே போட்டு வந்தவர்கள் பெரும்பாலும் தொடரலாம். கல்லீரலுக்குள் போகும் வாயில் நாளத்தின் அழுத்தத்தைச் சிம்வாஸ்டாட்டின் சற்றுக் குறைப்பதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சைல்டு பி-யில் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. கொடுத்த ஆய்வுகளில், ஈரல் மிக நலிந்தவர்களுக்குத் தசை சிதைவு வந்ததால் 20-ஐத் தாண்டுவதில்லை. சைல்டு சி-யில் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். நலிந்த ஈரலால் மருந்தை உடைக்க முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

6. ஆபரேஷன் ஆகி ஆறு மாசத்துல 92 இருந்தது 240 ஆகிடுச்சு. புது லிவர் சரியா வேலை செய்யலையா?

ஏறிய முதல் பகுதி, புது ஈரல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். 92-லிருந்து 160, 170 வரை வந்தால் அது மனிதருக்கு இயல்பான அளவுக்குத் திரும்புவது. அதற்கு மேல் ஏறுவதைத்தான் கவனிக்க வேண்டும். மாற்று அறுவை செய்தவர்களில் பத்துக்கு நாலிலிருந்து ஏழு பேர் வரை இப்படி ஏறுகிறது. உங்களுக்கு மட்டும் நேர்ந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

காரணம் ஒன்றல்ல. உடல் புது ஈரலை நிராகரிக்காமல் இருக்கப் போடும் எதிர்ப்புத் தடுப்பு மாத்திரைகள் முதலில் வரும். பிறகு எடை: பல வருடம் வாய் கசந்து கிடந்தவருக்குப் பசி திரும்புகிறது, வீட்டாரும் ஆசையோடு ஊட்டுகிறார்கள், முதல் வருடத்தில்தான் எடை அதிகம் கூடுகிறது. மாத்திரையால் புதிதாக வரும் சர்க்கரையும் சேரும். சிறுநீரில் புரதம் போவது, தைராய்டு குறைவு ஆகியவற்றையும் பார்க்காமல் ஸ்டாட்டின் எழுதக்கூடாது. தைராய்டு குறைவைச் சரிசெய்தாலே சிலருக்கு எண் இறங்கிவிடும். ஹெபடைடிஸ் சி இருந்து மருந்தால் குணமானவர்களுக்கும் எல்டிஎல் ஏறும். அந்த வைரஸ் இருக்கும் வரை கொலஸ்ட்ராலைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஏன் இத்தனை கவலை என்றால், முதல் வருடத்தைத் தாண்டியவர்களிடம் நாளடைவில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதய, மூளைக் குழாய் நோய்கள் முன்வரிசையில் இருக்கின்றன. ஈரல் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விடுகிறார்கள்.

7. எந்த மாத்திரையாலதான் ஏறுது?

ஸ்டீராய்டு முதல் குற்றவாளி. பிரெட்னிசோலோன் பசியைத் தூண்டும், இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும், ஈரல் அனுப்பும் கொழுப்புப் பொட்டலங்களைக் கூட்டும். பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். சொந்த எதிர்ப்புச்சக்தியே ஈரலைத் தாக்கும் நோயால் மாற்றியவர்களுக்குச் சிறிய அளவில் தொடரலாம்.

சைக்ளோஸ்போரின் இரண்டு வழியில் கெடுக்கும். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் பாதை ஒன்றை அடைக்கும், எல்டிஎல் ஏற்பியின் வேலையையும் குறைக்கும். டாக்ரோலிமஸ் இதில் சாது. ஆனால் சர்க்கரையை ஏற்றுவதில் அது சைக்ளோஸ்போரினுக்கு அண்ணன், சர்க்கரை வழியாக டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பையும் ஏற்றும். இன்று பெரும்பாலோர் போடுவது டாக்ரோலிமஸ்தான்.

எவரோலிமஸ், சிரோலிமஸ் இரண்டும் சிறுநீரகத்துக்கு இதம் என்பதால் மாற்றித் தருவார்கள். கொழுப்பு விஷயத்தில் இவையே ஆக மோசம். டிரைகிளிசரைடு 150 இருந்தவருக்கு 400 ஆவது இதனால் நடக்கும். அறுவை முடிந்து 30 நாளுக்கு முன் எவரோலிமஸ் தொடங்குவதில்லை. அதற்கு மாறினால் 4 முதல் 6 வாரத்தில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை கேட்டு வாங்குங்கள், பல சீட்டுகளில் விட்டுப்போவது இதுதான். மைக்கோஃபெனோலேட், அசத்தியோபிரின் இரண்டும் கொலஸ்ட்ராலைத் தொடுவதில்லை.

8. அப்போ அந்த மாத்திரையைக் குறைச்சுக்கிட்டா போதுமே?

நீங்களாகக் குறைத்தால் கொலஸ்ட்ரால் இறங்குவதற்கு முன்பே உடல் புது ஈரலை நிராகரிக்கத் தொடங்கலாம். நிராகரிப்பு வந்தால் அதை அடக்கப் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அதனால் சர்க்கரையும் கொழுப்பும் இன்னும் ஏறும். எதற்காகக் குறைத்தீர்களோ அதுவே கூடும்.

மருத்துவர் செய்யக்கூடியவை உண்டு: ஸ்டீராய்டைச் சீக்கிரம் நிறுத்துவது, சைக்ளோஸ்போரினிலிருந்து டாக்ரோலிமஸுக்கு மாற்றுவது, எவரோலிமஸின் அளவைக் குறைப்பது அல்லது எடுத்துவிடுவது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரத்தத்தில் மருந்தளவு பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரே மருந்துதான் என்று வேறு கம்பெனி டாக்ரோலிமஸ் கொடுத்தாலும் சொல்லிவிட்டே மாற்றுங்கள், அளவு ஏறி இறங்கக்கூடும்.

9. ரத்தம் எப்போ கொடுக்கணும்? மாத்திரை போட்டுட்டுப் போகலாமா?

போடாமல் போக வேண்டும். டாக்ரோலிமஸ் அளவு என்று பார்ப்பது அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன், அதாவது மிகக் குறைந்திருக்கும் நேரத்து அளவை. காலை 9-க்கும் இரவு 9-க்கும் போடுபவர் என்றால் காலை 8:30 வாக்கில் ரத்தம் கொடுங்கள். மாத்திரையையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போய், ரத்தம் எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுக் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது மேலே இருக்கிறது.

லிப்பிட் பரிசோதனைக்கு 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. இரண்டையும் ஒரே குத்தலில் முடித்துவிடலாம். அறுவைக்குப் பின் 3, 6, 12 மாதங்களில் பார்த்து, பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். ஸ்டாட்டின் தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 6 முதல் 8 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

10. ரிப்போர்ட்ல நாலஞ்சு நம்பர் இருக்கு. எதைப் பார்க்கணும்?

முதலில் எல்டிஎல். மாற்று அறுவை செய்தவர்களுக்கு டெசிலிட்டருக்கு 100 மி.கி.-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் என்று இருந்தால் 70-க்குக் கீழே. மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகின்றன. மொத்தம் 240, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 250 என்றால், 250-ஐ ஐந்தால் வகுத்து 50. 240-லிருந்து 40-ம் 50-ம் போக 150. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். அது எல்டிஎல் இலக்கைவிட 30 கூட இருக்கலாம், அதாவது 130-க்குள் அல்லது 100-க்குள். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கவலை இதயத்தைவிடக் கணையத்துக்குத்தான், அழற்சி வரக்கூடும்.

மலேசியா, சிங்கப்பூர், கனடாவில் இருப்பவர்களின் அறிக்கை மில்லிமோலில் வரும். கொலஸ்ட்ராலை 38.7-ஆல் பெருக்குங்கள். எல்டிஎல் 2.6 என்பது நம் 100, 1.8 என்பது 70. டிரைகிளிசரைடுக்குப் பெருக்க வேண்டியது 88.6.

11. பக்கத்து வீட்டுக்காரர் அட்டோர்வா 40 போடறார். எனக்கு மட்டும் ஏன் 10?

அட்டோர்வா ஒரு ஸ்டாட்டின். பக்கத்து வீட்டுக்காரர் டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ போடவில்லை. சைக்ளோஸ்போரின், ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் நுழையும் வாசலையும் அதை உடைக்கும் நொதியையும் தடுப்பதால், ரத்தத்தில் ஸ்டாட்டின் பல மடங்கு ஏறும். ரோசுவாஸ்டாட்டின் ஏறக்குறைய 7 மடங்கு ஏறும். ஏறினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.

சைக்ளோஸ்போரின் போடுபவருக்குச் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், பிட்டவாஸ்டாட்டின் கூடவே கூடாது. அட்டோர்வாவைத் தவிர்ப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 10-க்கு மேல் இல்லை. ரோசுவா 5-க்கு மேல் கூடாது, சில நாடுகளில் சேர்க்கவே தடை. பிரவாஸ்டாட்டின் 20, ஃப்ளூவாஸ்டாட்டின் 40 வரை பாதுகாப்பானவை, ஆனால் நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பது அட்டோர்வாவும் ரோசுவாவும்தான். டாக்ரோலிமஸோடு மோதல் மிகக் குறைவு. இருந்தும் சின்ன அளவில் தொடங்கி, 6 வாரம் பார்த்து ஏற்றுவதே வழக்கம். 10-ல் எல்டிஎல் இலக்கைத் தொடவில்லை என்றால் 20-க்குப் போவதற்குத் தயங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வோம். பயந்துகொண்டே பாதி அளவில் வருடக்கணக்கில் நிற்பவர்கள்தான் அதிகம். மாற்று அறுவைக்குப் பின் ஸ்டாட்டின் போடுபவர்கள் நீண்ட நாள் வாழ்வதாகப் பின்தொடர் ஆய்வுகள் சொல்கின்றன.

12. ஸ்டாட்டின் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல எஸ்ஜிபிடி 120. ஸ்டாட்டினை நிறுத்திடலாமா?

நிறுத்துவதைவிட முக்கியம், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராமல் இருப்பது. மாற்று அறுவை செய்தவருக்கு எஸ்ஜிபிடி போன்ற ஈரல் நொதி ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நிராகரிப்பு, பித்தநாளத் தையல் சுருக்கம், சிஎம்வி போன்ற வைரஸ், ஈரல் தமனியின் ரத்த ஓட்டம். உடனே டாக்ரோலிமஸ் அளவும் டாப்ளர் ஸ்கேனும் பார்ப்பார்கள். ஸ்டாட்டின்தான் காரணம் என்பது இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு வரும் கடைசி முடிவு. இயல்பின் 3 மடங்குக்குள் இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் பெரும்பாலும் தொடரலாம்.

கால் வலி என்றால், தசை சிதைவைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். இரண்டு தொடையும் இரண்டு தோளும் சேர்ந்து வலிப்பது, மாடி ஏற முடியாத பலவீனம், காபி நிறத்தில் சிறுநீர் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். இவை இருந்தால் அடுத்த வேளை ஸ்டாட்டினைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எதிர்ப்புத் தடுப்பு மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிபிகே இயல்பைவிட 10 மடங்குக்கு மேல் என்றால் ஸ்டாட்டின் நின்றே ஆக வேண்டும்.

13. ஸ்டாட்டின் ஒத்துக்கலைன்னா வேற என்ன இருக்கு?

எசெட்டிமைப் 10 மி.கி. அடுத்தது. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஸ்டாட்டினோடு சேர்த்தும் கொடுக்கலாம். சைக்ளோஸ்போரின் போடுபவருக்கு மட்டும் இரண்டின் அளவும் ஏறக்கூடும் என்பதால் கவனம். டிரைகிளிசரைடு மட்டும் அதிகம் என்றால் மீன் எண்ணெய், பிறகு ஃபெனோஃபைப்ரேட். இது கிரியாட்டினினை ஏற்றும், ஏற்கெனவே சிறுநீரகம் களைத்தவருக்கு அளவு பார்த்துத்தான். ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது.

கொலஸ்டிரமின் தூளைத் தவிர்ப்பது நல்லது, மைக்கோஃபெனோலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்து அதன் பலனைக் கெடுத்துவிடும். நியாசின் ஈரலுக்கும் சர்க்கரைக்கும் ஆகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் எவோலோகுமாப் போன்ற ஊசிகள் ஈரல் நொதிகளைச் சார்ந்திருக்காததால் மருந்து மோதல் இல்லை. ஆனால் மாற்று அறுவை செய்தவர்களிடம் அனுபவம் இன்னும் குறைவு, விலையும் கையைக் கடிக்கும்.

14. தேங்காய், நெய், முட்டை எல்லாத்தையும் விட்டுடணுமா?

தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி பிரச்சினை இல்லை. தேங்காய் எண்ணெயில் சமைப்பதுதான் பிரச்சினை. அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. கடலை, நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் முடிக்கப் பாருங்கள். வீட்டில் நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் டின் காலியாகிறது என்றால் எங்கே போகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். டிரைகிளிசரைடு அதிகமானவர் எண்ணெயைவிட வெள்ளைச் சோறு, இனிப்பு, பழச்சாறு ஆகியவற்றில் கைவைக்க வேண்டும்.

ஒரு முட்டை மஞ்சளில் சுமார் 185 மி.கி. கொலஸ்ட்ரால் உண்டு. வெள்ளைக்கரு எத்தனையும் சாப்பிடலாம், மஞ்சள் வாரம் மூன்று நாலு போதும். ஆனால் ஆஃப் பாயில் கூடாது. அது கொலஸ்ட்ராலுக்காக இல்லை, எதிர்ப்புச்சக்தி தணிந்த உடம்பில் பாதி வெந்த முட்டையின் கிருமி பரவும் என்பதற்காக. இளநீரும் தினமும் வேண்டாம். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீர் நிறைய பொட்டாசியம். ‘குறைந்த சோடியம் உப்பு’ என்று விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும்.

நடை வாரம் 150 நிமிடம். முதல் இரண்டு மூன்று மாதம் தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர் தூக்காதீர்கள், தையல் வழியே குடலிறக்கம் வரும்.

15. கொலஸ்ட்ரால் குறைய மூலிகைப் பொடி தர்றாங்க. இயற்கைதானே?

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று விற்கும் மாத்திரையில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான். 11-ல் கூடாது என்று சொன்ன அதே மருந்து, அளவு எழுதாமல். சீந்தில், அமுக்கரா, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை ஆகியவற்றால் ஈரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சள் தூள் இதில் சேராது.

பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே குடலில் டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியை முடக்கி, அதன் அளவை ஏற்றிவிடும். அட்டோர்வா, சிம்வாவும் சேர்ந்து ஏறும். ஒரு நாள் சாப்பிட்டாலே பாதிப்பு ஓரிரு நாள் நிற்கும். சாத்துக்குடி, கமலா, எலுமிச்சைக்கு இந்தத் தடை இல்லை.

16. ஊர்ல ஒரு டாக்டர் இருமலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். போடலாமா?

பெயரைப் பார்க்காமல் போடக்கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸையும் சில ஸ்டாட்டின்களையும் ஒருசேர ஏற்றும். கை நடுக்கம், தலைவலி, கிரியாட்டினின் உயர்வு, தசை வலி என்று வரும். கட்டாயம் வேண்டியிருந்தால் அந்த நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தி, டாக்ரோலிமஸைக் குறைத்து, அளவு பார்த்துக்கொண்டே தருவார்கள். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை குறைவு. கவுட் என்னும் மூட்டு வாதத்துக்குத் தரும் கோல்சிசினும் ஸ்டாட்டினும் சேர்ந்தால் தசை பலவீனம் வரும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர்: டாக்ரோலிமஸை அதல பாதாளத்துக்கு இறக்கும். அதை மாற்று மருத்துவக் குழுவுக்குத் தெரியாமல் ஒரு வாரம் போட்டாலும் நிராகரிப்பு வரலாம்.

17. கொழுப்பு ஈரலாலதான் மாத்தினோம். புது ஈரல்லயும் கொழுப்பு வருமா?

வரும். அறுவை ஈரலை மாற்றியது, உடலின் போக்கை மாற்றவில்லை. 5 வருடத்துக்குள் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் கொழுப்பு தெரியும். அதில் மறுபடி சிர்ரோசிஸ் வரை போவது சிலருக்குத்தான். இவர்களுக்கு ஈரலைவிட இதயத்தைப் பற்றிய கவலையே முந்தி வர வேண்டும். எடையை 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்பும் அழற்சியும் குறையும், 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ.

18. எனக்குக் கொலஸ்ட்ரால் 230. தம்பிக்கு நான் லிவர் கொடுக்கலாமா? என் கொலஸ்ட்ரால் அவனுக்குப் போயிடுமா?

230 என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்குவதில்லை. பார்ப்பது ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்று. எடையையும் உணவையும் கட்டுப்படுத்தி 4 முதல் 8 வாரத்தில் அதைக் கரைத்துத் தகுதி பெற்றவர்கள் நிறைய. கொழுத்த ஈரல் குளிரில் வைத்திருந்து ரத்தம் பாயும்போது சீக்கிரம் அடிபடும், வெட்டிய பகுதி வளர்வதும் மெதுவாகும். தருகிற துண்டு பெறுபவரின் எடையில் குறைந்தது 0.8 சதவீதம் வேண்டும். கொழுப்பு இருந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

சாப்பாட்டாலும் எடையாலும் வந்த கொலஸ்ட்ரால் ஈரலோடு ஒட்டிப் போகாது. பரம்பரையாக எல்டிஎல் ஏற்பியே குறைந்த குடும்பமென்றால் கதை வேறு.

19. மகளுக்கு மாற்று ஆபரேஷன் ஆகி மூணு வருஷம். இப்ப குழந்தைக்குத் திட்டமிடறா. மாத்திரைகள்?

பெரும்பாலும் ஸ்டாட்டினைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்துவார்கள். ஒரு வருடம் ஸ்டாட்டின் இல்லாமல் இருப்பதால் குழாய் அடைத்துவிடாது. அதைவிட அவசரம் மைக்கோஃபெனோலேட். கருவை ஊனமாக்கும் என்பதால் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தி, அசத்தியோபிரினுக்கு மாற வேண்டும். டாக்ரோலிமஸ் தொடரும். கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே ஏறும், அந்த மாதங்களில் லிப்பிட் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

20. கொலஸ்ட்ராலுக்காகவே லிவர் மாத்துவாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம், மிக அரிதாக. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான எல்டிஎல் ஏற்பி மரபணு வந்த குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ரால் 600, 800, சிலருக்கு 1000-ம் தாண்டும். முழங்கை, முட்டி, குதிகால் நாணில் மஞ்சள் முடிச்சுகள் வரும், பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரும். ஸ்டாட்டின் வேலை செய்வது ஏற்பிகளைப் பெருக்கித்தான். ஏற்பியே இல்லாதபோது பெருக்க ஒன்றுமில்லை. 1984 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் தலைமையிலான குழு, ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற 6 வயதுச் சிறுமிக்கு இதயத்தையும் ஈரலையும் ஒரே அறுவையில் மாற்றியது. கெட்டுப்போன இதயத்தை மட்டும் மாற்றினால் அதுவும் அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் ஈரலும். ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் முந்நூறு வாக்குக்கு இறங்கியது. 1-ஆம் கேள்வியில் சொன்ன 70 சதவீத ஏற்பிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று லோமிடபைட், எவினாகுமாப் போன்ற மருந்துகளும் ரத்தத்தை வடிகட்டி எல்டிஎல்லை நீக்கும் முறையும் இருப்பதால், ஈரல் மாற்றுவது அவை கிடைக்காதவர்களுக்கும் போதாதவர்களுக்கும்தான்.

21. அப்படின்னா அந்தக் குழந்தைக்கு அப்பாவோ அம்மாவோ ஈரல் கொடுக்கலாமா?

இங்கே ஒரு சிக்கல். குழந்தைக்கு இரண்டு பழுதான மரபணு என்றால் பெற்றோர் இருவரிடமும் ஆளுக்கொன்று இருந்தே தீரும். அவர்கள் ஈரலில் ஏற்பி பாதிதான் வேலை செய்யும். உயிரோடு இருப்பவர்தான் தர வேண்டும், வேறு ஆள் இல்லை என்றால் அந்தப் பாதியும் உதவும். எல்டிஎல் நன்றாக இறங்கும், ஆனால் இயல்புக்கு வராது. ஒரு லாபமும் உண்டு: பாதி ஏற்பி வந்துவிட்டதால், அதுவரை பலிக்காத ஸ்டாட்டின் இப்போது பலிக்கும். அதை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். கொடுக்கும் தாய் தந்தைக்கும் எல்டிஎல் அதிகம் இருக்கும் என்பதால், ஈரலைப் பார்ப்பதோடு அவர்கள் இதயத்தையும் முழுதாகச் சோதிக்க வேண்டும். சோதித்ததில் அப்பாவுக்கே அடைப்பு இருப்பது தெரிய வருவதும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலோ, இந்த மரபணு இல்லாத உறவினர் தருவதோ கிடைத்தால் அதையே முதலில் தேர்ந்தெடுப்பார்கள்.

குழந்தையிடமிருந்து எடுத்த ஈரல், ஏற்பி இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்யும். அதை வேறொருவருக்கு வைத்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. பெறுபவருக்குக் கொலஸ்ட்ரால் ஏறும் என்று முன்பே விளக்கி, சம்மதம் வாங்கி, முதல் மாதத்திலிருந்தே மருந்து தொடங்குவார்கள். அவருக்கு உடலின் மற்றப் பகுதிகளில் உள்ள 30 சதவீத ஏற்பிகள் நல்லவையாக இருப்பதால், அந்தக் குழந்தைக்கு இருந்த அளவுக்கு ஏறுவதில்லை.